கூபிக் வீட்டின் வெள்ளிக்கிழமை நடை

திங்கட்கிழமை காலை ஒன்பதே காலுக்கு நோரீன் வவ்ரா தன் அப்பாவின் கையெழுத்தைப் பார்த்தாள். கையெழுத்தில் குற்றமில்லை, இருந்த இடம்தான் சரியில்லை. அவள் கணக்கெழுதும் கூபிக் இறுதிச்சடங்கு இல்லத்தின் வங்கிக் கணக்கில், வரவான காசோலைகளின் படங்களுக்கு நடுவே அது இருந்தது. எழுபத்தைந்து டாலர். குறிப்பு எழுதும் கோட்டில் அப்பாவின் கோணல் எழுத்தில் ‘பெட்டிக்கு’ என்று இருந்தது.

அப்பா ஆர்லோவுக்கு எழுபத்தெட்டு வயது. நேற்றுகூட ஏணியில் ஏறிக் கூரைக் குழாயில் அடைத்திருந்த சருகை அள்ளிப் போட்டார். இறங்கி வந்து கசகசா வைத்த கொலாச்சி பன் இரண்டைத் தின்றுவிட்டு, மூன்றாவது எங்கே என்று கேட்டார். அந்த மனிதருக்கு எதற்குச் சவப்பெட்டி?

நோரீன் பின்னோக்கித் தள்ளிப் பார்த்தாள். பிப்ரவரியில் ஒன்று, ஜனவரியில் ஒன்று. போன மே மாதம் வரை, மாதம் ஒன்றாகப் பதினொரு காசோலைகள். அப்பா மட்டும் இல்லை. அவளுக்கு மூன்றாம் வகுப்பில் பாடம் எடுத்த ஆசிரியை இருந்தார். தபால்காரர் இருந்தார். விதைக் கடைக்காரரும் மனைவியும் ஒரே காசோலையில் இருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் முப்பத்தொரு பேர். முப்பத்தொரு பேரும் இந்த டேபர் கிரீக் ஊரில் குத்துக்கல் மாதிரி உயிரோடு இருக்கிறவர்கள். இவர்கள் எல்லாரும் இல்லத்தை நடத்தும் வெண்டல் கூபிக்குக்கு எதற்குப் பணம் தருகிறார்கள்?

பதில் அவளுக்கே தெரிந்தது. இவர்கள் தங்கள் சாவுக்கு முன்கூட்டியே பணம் கட்டுகிறார்கள். சாகும்வரை அந்தப் பணம் அவர்களுடையது. அதை எடுத்து வங்கியில் தனியாக டிரஸ்ட் கணக்கில் போட்டுப் பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் பதினான்கு மாதமாக, வந்த ஒவ்வொரு காசோலையையும் அவளுடைய கம்ப்யூட்டர் ‘விற்பனை’ என்று முத்திரை குத்தித் தள்ளியிருக்கிறது. அப்படிக் குத்தச் சொல்லி வைத்தவள் அவளேதான்.

இத்தனை நாள் இது கண்ணில் படாததற்குக் காரணம் உண்டு. அவள் காசோலைப் படங்களைத் திறந்ததே இல்லை. வங்கியிலிருந்து தொகைகள் தாமாக வரும், தாமாக அதனதன் தலைப்பில் உட்காரும், மாதக் கடைசியில் கூட்டல் சரியாக இருக்கும். இன்று திறந்ததுகூட வெண்டல் அனுப்பிய ஒரு செய்தியால்தான். ‘வியாழக்கிழமை மாநில ஆய்வாளர் வருகிறார். வழக்கமான சோதனை. கணக்கைக் கொஞ்சம் துடைத்து வை.’

துடைக்கப் போன இடத்தில்தான் சுவரே பெயர்ந்து கையோடு வந்தது.

*

நோரீனுக்கு நாற்பத்து நான்கு வயது. தானியக் கிடங்கின் ஆபீசில் பதினேழு வருஷம் கணக்கெழுதினாள். கிடங்கை வெளியூர்க்காரன் வாங்கி, கணக்கை எல்லாம் தன் ஊருக்குக் கொண்டுபோனபோது, இவளுக்கு ஒரு கேக்கும் ஆறு வாரச் சம்பளமும் கொடுத்து அனுப்பினான். அன்றிலிருந்து வீட்டுச் சாப்பாட்டு மேஜைதான் ஆபீஸ். யார் கூப்பிட்டாலும் கணக்கு எழுதினாள். ஐஸ்கிரீம் கடை, முடிவெட்டும் கடை, வெல்டிங் பட்டறை, பன்றிப் பண்ணை இரண்டு, ஒரு சர்ச், கூபிக் வீடு, இன்னும் இரண்டு. ஆக ஒன்பது தொழில். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது இவளைப் பார்த்தே சொன்னது போலிருக்கும்.

ஒன்பது பேருக்கும் ஓடி ஓடிக் கால் தேய்ந்ததால், குறுக்கு வழி ஒன்றைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். இந்தத் தொழிலில் பாதிப்பேர் செய்கிறதுதான். புதிதாக ஆள் வந்தால், முதல் வாடிக்கையாளருக்காகப் போட்ட கணக்கு அமைப்பை அப்படியே நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடுவாள். அவளுடைய முதல் வாடிக்கையாளர் பெவ்வின் ஐஸ்கிரீம் கடை. ஐஸ்கிரீம் கடையில் வந்த காசெல்லாம் விற்பனை. வாங்கினான், நக்கினான், போனான். முன்பணம், அடுத்தவன் பணம் என்ற பேச்சே அங்கே கிடையாது.

அந்த அச்சில்தான் ஊரின் சாவுக் கணக்கை வார்த்திருந்தாள். இப்போது கூபிக் வீட்டுச் செலவுத் தலைப்புகளைப் பார்த்தாள். சவப்பெட்டிக்கும் பூவுக்கும் நடுவே, ‘கோன், தூவல் மிட்டாய்’ என்று ஒரு தலைப்பு பூஜ்ஜியத்தோடு உட்கார்ந்திருந்தது. சிரிப்பு வர வேண்டிய இடம். அவள் சிரிக்கவில்லை.

மொத்தத்தைக் கூட்டினாள். அறுபத்து நாலாயிரத்து முன்னூற்று ஐம்பது டாலர். வங்கியில் இருந்தது இருபத்தேழாயிரம். மீதி எங்கே போனது என்று தேட வேண்டியதே இல்லை. கூபிக் வீட்டு வாசலில் கருகருவென்று நின்றது. பழைய சவ வண்டி நடுவழியில் நின்று மானத்தை வாங்குகிறது என்று வெண்டல் போன அக்டோபரில் புது வண்டி எடுத்தார். முன்பணம் நாற்பதாயிரம். எடுப்பதற்கு முன் அவளிடம்தான் கேட்டார்.

“நோரீன், தாங்குமா?”

“தாராளமா தாங்கும் வெண்டல். லாபம் போன வருஷத்தைவிட ரெண்டு பங்கு.”

அவள் வாயால் சொன்ன வார்த்தை அது.

*

மத்தியானம் அப்பா வீட்டுக்குப் போனாள். அவர் ரொட்டிக்கு நடுவே ஹாம் இறைச்சியை அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா, கூபிக்குக்கு மாசாமாசம் பணம் கட்டறீங்களா?”

ஆர்லோ கத்தியைக் கீழே வைத்தார். “வெண்டல் சொன்னானா? யார்கிட்டயும் சொல்லாதேன்னுதானே சொன்னேன் அந்தப் பயகிட்ட.”

“அவர் ஒண்ணும் சொல்லல. எதுக்குப்பா இதெல்லாம்?”

“எதுக்கா? உங்கம்மா போனப்போ நீ எப்படி அலைஞ்சேன்னு பார்த்தேனே. பெட்டிக்கு ஒரு கையெழுத்து, பூவுக்கு ஒரு கையெழுத்து, குழி வெட்டறவனுக்கு ஒண்ணு. இப்பவே நீ ஒன்பது கடைக்கு ஓடறே. நான் பத்தாவதா இருக்க வேண்டாம்னுதான்.” ரொட்டியை நீட்டினார். “சாப்பிடு. மூஞ்சி ஏன் வெளுத்துக் கிடக்கு? நான் ஒண்ணும் நாளைக்கே போயிடல.”

ரொட்டியை வாங்கி ஒரு கடி கடித்தாள். அந்தப் பணம் இப்போது இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். வரவில்லை. ஹாம் நன்றாயிருக்கிறது என்றாள்.

*

செவ்வாய்க்கிழமை முழுவதும் அவள் தன்னோடு தானே வழக்காடினாள்.

நான் கணக்கு எழுதுகிறவள், அவ்வளவுதான். பணத்தை எடுத்து டிரஸ்டில் போடுவது முதலாளி வேலை. வெண்டல் ஏன் போடவில்லை? அவர் அப்பா காலத்தில் போட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? இது ஒரு பக்கம். முதல் மாதமே ஒரு காசோலையைத் திறந்து ‘இது என்ன பணம்’ என்று கேட்டிருந்தால் இது நடந்திருக்குமா? இது இன்னொரு பக்கம்.

ஒரு தடவை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, அந்த அறுபத்து நாலாயிரத்தை விற்பனையிலிருந்து எடுத்து ‘முன்பணம்’ என்று புதுத் தலைப்பில் போட்டுப் பார்த்தாள். தேதியையும் பழைய தேதியாகப் போட்டாள். திரையில் எல்லாம் அம்சமாக இருந்தது. ஆனால் கணக்கை நகர்த்தினால் காசு நகருமா? வங்கியில் இருப்பது அதே இருபத்தேழாயிரம்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை இது என்று அவளுக்கே அருவருப்பாகி, எழுதியதை அழித்தாள்.

சொல்லிவிடலாம் என்றால், புதன்கிழமை காலை பத்து மணி இருக்கிறதே.

புதன்கிழமை பத்து மணிக்கு ஆடிட்டர் லைல் ஓஸ்டர்மனைப் பார்க்க வேண்டும். ஆறு மாதமாக அவர் இவளிடம் ஒரே பாட்டைத்தான் பாடிக்கொண்டிருந்தார். “ஊர்ல இருக்கிற எல்லாக் கடைக்கும் கணக்கு எழுதினா எல்லாரும் உனக்கு நூறு இருநூறுதான் குடுப்பாங்க. ஒரே ஒரு தொழிலைப் பிடி. அதை அக்குவேறா ஆணிவேறா கத்துக்க. அப்புறம் அவங்க உன்னைத் தேடி வருவாங்க.” அவரே ஒரு தொழிலையும் பார்த்து வைத்திருந்தார். பல் டாக்டர்கள். முதலில் மூன்று பேர், ஆளுக்கு மாதம் அறுநூறு. ஒழுங்காகச் செய்தால் பின்னால் இன்னும் பத்துப் பேர். புதன்கிழமை கையெழுத்து.

அவளுடைய சேமிப்பு மே மாதம் வரை தாங்கும். ஜூனில் வீட்டுக் கடனைக் கட்டக் கையில் ஒன்றும் இருக்காது. பல் டாக்டர்கள் வந்தால் வீடு நிற்கும், வராவிட்டால் நிற்காது. நடுவில் வேறு வழி இல்லை. வாயை மூடிக்கொண்டு புதன்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டு, வியாழக்கிழமை நடப்பது நடக்கட்டும் என்று விடலாம். அந்த எண்ணம் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

*

லைல் காபிக் கடையில் ஜன்னலோர மேஜையில் காத்திருந்தார். காகிதங்கள் தயாராக, பேனா மூடி திறந்து.

“உட்காரு, உட்காரு. நேத்து உன்னைப் பத்தி வெண்டல் கூபிக்கைக் கேட்டேன். ஒரு பேச்சுக்குத்தான். டாக்டருங்க யாரையாவது விசாரிச்சியான்னு கேப்பாங்க இல்ல.”

நோரீன் கோப்பையைக் கீழே வைத்தாள். “என்ன சொன்னார்?”

“தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடறார் போ! ‘அப்பா காலத்துல கடை ஏதோ ஓடிச்சு, நோரீன் வந்தப்புறம்தான் லாபம்னா என்னன்னே பார்த்தேன், புது வண்டியே வாங்கிட்டேன்’ங்கறார். இதைவிட என்ன வேணும்? இந்தா, இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.”

பேனாவை அவள் பக்கம் உருட்டினார்.

அவள் பேனாவைப் பார்த்தாள். அந்த லாபம் முழுக்க அப்பாவின் எழுபத்தைந்து. ஆசிரியையின் இருநூறு. அதைச் சாட்சியாக வைத்துத்தான் இப்போது இந்தக் கையெழுத்து. மனசு கல்லாகியிருந்தால் போட்டிருப்பாள். ஆகவில்லை.

“லைல், அது லாபமே இல்ல.”

“எது?”

சொன்னாள். ஐஸ்கிரீம் அச்சு, விற்பனை முத்திரை, முப்பத்தொரு பேர், தொகை, எல்லாவற்றையும் சொன்னாள். லைல் முதலில் சிரிக்கப் போனார், பிறகு நிறுத்தினார். அவள் முடிக்கும்போது பேனா மூடியைப் போட்டிருந்தார்.

“வெண்டலுக்குத் தெரியுமா?”

“இன்னும் இல்ல. இங்கேருந்து அங்கதான் போறேன்.”

“நல்லவேளை என்கிட்ட சொன்னே.” காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தட்டினார். “தப்பா எடுத்துக்காத நோரீன். அந்த டாக்டருங்ககிட்ட நான் என் பேரை அடகு வெக்கிறேன். இனிமே முடியாது.”

“புரியுது.”

“காபிக்கு நான் குடுத்துடறேன்” என்றார். அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது.

*

கூபிக் வீட்டில் அப்போது ஒருவரின் உடல் பார்வைக்கு வைக்கப்பட்டிருந்தது. முன் கூடத்தில் பெட்டி, பூ, உறவுக்காரர்கள் இரண்டு பேர். வெண்டல் கதவருகே கைகளைக் கோத்துக்கொண்டு நின்றார். ஐம்பத்திரண்டு வயது, நல்ல உயரம், எப்போதும் சாம்பல் நிறக் கோட்டு. நோரீனின் அண்ணனோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

“அரை மணி உட்காரு” என்று கண்ணாலேயே சொன்னார்.

பின்னறையில் அந்த அரை மணி நேரத்தையும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கழித்தாள். சுவரில் வெண்டலின் அப்பா கிழவர் கூபிக்கின் தொப்பி மாட்டியிருந்தது. பக்கத்து அலமாரியில் காலணிப் பெட்டி ஒன்றில், மஞ்சள் அட்டைகள் வரிசையாக நின்றன.

வெண்டல் வந்து கதவைச் சாத்தினார். அவள் நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்து சொல்லத் தைரியம் வரவில்லை.

சாவு வீடு நடத்துகிறவர்கள் குரலை உயர்த்த மாட்டார்கள். தொழில் பழக்கம். கோபம் ஏற ஏற வெண்டலின் குரல் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் அவர் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

“நாலு தலைமுறைக் கடை. நாலு. ஒருத்தர் காசை நாங்க தொட்டதில்ல. இப்ப நான் அந்தக் காசுல வண்டி வாங்கி அதுலயே அவங்களைத் தூக்கிட்டுப் போவேன்னு ஊர் சொல்லுமே, நோரீன்.”

“தப்பு என்னோடது. ஆனா ஒண்ணு கேக்கறேன் வெண்டல். உங்கப்பா எப்படிச் செஞ்சார்? பணத்தை யார் டிரஸ்ட்ல போட்டாங்க?”

“யாருக்குத் தெரியும்? அவர் சொல்லித் தந்தாரா என்ன? பக்கவாதம் வந்து வாய் அடைச்சுப் போச்சு, ரெண்டு மாசத்துல ஆளே போயிட்டார். எல்லாத்தையும் அவரே செஞ்சுக்குவார். வெள்ளிக்கிழமை பதினொரு மணி ஆனா மட்டும், அந்தத் தொப்பியை மாட்டிக்கிட்டு, கோட்டுப் பையில அட்டையைச் சொருகிக்கிட்டு, வங்கி வரைக்கும் ஒரு நடை...”

வெண்டல் நிறுத்தினார்.

இருவரும் தொப்பியைப் பார்த்தார்கள்.

“காபி குடிக்கப் போறார்னு நெனச்சேன்” என்றார் வெண்டல். “நாப்பது வருஷம். அந்த வங்கிக்காரியோட வம்பளக்கத்தான் போறார்னு அம்மாகூட திட்டுவாங்க.”

நோரீன் அலமாரியிலிருந்து காலணிப் பெட்டியை எடுத்தாள். மஞ்சள் அட்டை ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், ஒரு தொகை, பக்கத்தில் வெள்ளிக்கிழமைத் தேதிகள், தேதிக்கு நேரே வங்கியின் முத்திரை. கடைசி முத்திரை போன வருஷம் ஜனவரி முதல் வாரத்தோடு நின்றுபோயிருந்தது. அதற்குப் பின் பணம் கட்ட வந்தவர்களுக்கு அட்டையே இல்லை.

வெண்டல் நாற்காலியில் விழுந்தார். “உனக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டார்.

“எங்கப்பா காசோலை.”

“ஆர்லோ உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னார்.”

“சொல்லல. கையெழுத்தைப் பார்த்தேன்.”

அவர் போனை எடுத்தார். வண்டி விற்றவனைக் கூப்பிட்டு, அதைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி, மரியாதை குறையாமல், மூச்சுவிடும் குரலில் அரை மணி நேரம் பேசினார். போனை வைத்தபோது முப்பத்து நாலாயிரம் திரும்பி வரும் என்று ஆகியிருந்தது. ஆறாயிரம் போனது போனதுதான்.

“நாளைக்குக் காலைல எட்டு மணிக்கு இங்க இரு” என்றார். “அந்த ஆய்வாளரம்மா வர்றப்போ நீ என் பக்கத்துல உட்கார்ந்திருக்கணும்.”

*

ஆய்வாளர் திருமதி ஆல்ட்ரிச் குள்ளமாக, பொறுமையாக இருந்தார். கோட்டைக்கூடக் கழற்றாமல் மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கேட்கும் முன்பே வெண்டல் ஆரம்பித்தார்.

“அம்மா, நீங்க பார்க்கிறதுக்கு முன்னாடி நாங்க ஒண்ணு சொல்லணும்.”

சொன்னார். தன் அப்பாவின் நடையைச் சொன்னார், வண்டியைச் சொன்னார். நோரீனின் பெயரைச் சொல்லவில்லை. ‘எங்கள் கணக்கில்’ என்றுதான் சொன்னார். ஆல்ட்ரிச் தலைநிமிராமல் குறித்துக்கொண்டே வந்தார். செலவுத் தலைப்புகளுக்கு வந்ததும் அவர் பேனா நின்றது.

“தூவல் மிட்டாய்?”

வெண்டல் நோரீனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார். அவள் விரும்பினால் அந்த மௌனத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

“அது நான் போட்டது” என்றாள் நோரீன். “கணக்கு எழுதறது நான்தான். ஐஸ்கிரீம் கடைக்குப் போட்ட அமைப்பை இங்க நகலெடுத்தேன். அதனாலதான் முன்பணமெல்லாம் விற்பனையாப் போச்சு. வெண்டல் வண்டி வாங்கலாமான்னு கேட்டப்போ தாங்கும்னு சொன்னதும் நான்தான்.”

ஆல்ட்ரிச் முதல்முறையாகக் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு வேற சாவு வீட்டுக் கணக்கு எழுதிப் பழக்கம் உண்டா?”

“இல்லை.”

“தெரியுது.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மிஸ்டர் கூபிக், இதை நானா கண்டுபிடிச்சிருந்தா இன்னிக்கே கடையை மூடச் சொல்லி உங்க கதவுல ஒரு காகிதம் ஒட்டியிருப்பேன். நீங்களாச் சொன்னதால முப்பது நாள். முழுத் தொகையும் டிரஸ்ட்ல இருக்கணும், ஒவ்வொருத்தருக்கும் கடிதம் போகணும். அபராதம் தனியா வரும். ஒரு டாலர் குறைஞ்சாலும் உரிமம் போயிடும்.”

அவருடைய கார் கிளம்பிய பிறகு வெண்டல் படியில் நின்றார். “முப்பது நாள் வா. அட்டை எழுது, கடிதம் எழுது. காசு தர மாட்டேன். அது முடிஞ்சதும் உன் மூஞ்சியில முழிக்க எனக்கு இஷ்டமில்ல.”

“சரி” என்றாள் நோரீன். வேறென்ன சொல்ல?

அன்று மத்தியானமே அப்பாவிடம் போய்ச் சொன்னாள். கடிதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று. ஆர்லோ மேஜையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

“அப்போ என் பெட்டிக் காசு வண்டி டயருக்குப் போச்சு.”

“வந்துடும்பா. முப்பது நாள்ல.”

“வரலைன்னா?”

ஆர்லோ எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் தோட்டத்துப் பக்கம் போனார். அவர் அவளிடம் அப்படி முகம் திருப்பியது அதுதான் முதல் தடவை. நோரீன் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

*

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. கடிதம் போன இரண்டாம் நாளே முடிவெட்டும் கடைக்காரரும் வெல்டிங் பட்டறைக்காரரும் ‘இப்போதைக்கு நாங்களே பார்த்துக்கிறோம்’ என்றார்கள். ஒன்பது ஏழானது.

நோரீன் தினமும் காலையில் கூபிக் வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து மஞ்சள் அட்டை எழுதினாள். முப்பத்தொன்று. வெண்டல் அவளோடு பேசவில்லை. வண்டிப் பணம் வந்தது. வங்கியில் கையிருப்பாக வைத்திருந்ததிலிருந்து இருபதாயிரம் எடுத்தார். ஏரியில் மீன் பிடிக்க வைத்திருந்த படகை ஏழாயிரத்து இருநூறுக்கு விற்றார். அதை விற்ற அன்று மட்டும் அறைக்கு வந்து, “படகு போச்சு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னும் மூவாயிரத்து நூற்றைம்பது குறைந்தது. மாதம் இருநூற்று இருபத்தைந்து வீதம் பதினான்கு மாதத்துக்கு அவள் கூபிக் வீட்டில் வாங்கிய கூலியும் சரியாக அதேதான். அவளுடைய ஏப்ரல், மே மாத வீட்டுக் கடன் பணம். காசோலை எழுதி, அட்டைகளின் மேல் வைத்துவிட்டு வந்தாள்.

கெடுவுக்கு முந்தைய நாள் வெள்ளிக்கிழமை. கோட்டை மாட்டிக்கொண்டு அவள் கடைசியாகக் கிளம்பியபோது பத்து ஐம்பது. வெண்டல் கதவை மறித்துக்கொண்டு நின்றார். தலையில் அப்பாவின் தொப்பி. கொஞ்சம் பெரிது, காது வரை இறங்கியிருந்தது.

“எங்க போறே? நட.”

“எங்க?”

“எங்கப்பா போன இடத்துக்கு. அட்டையை எடு.”

மெயின் தெருவில் இருவரும் நடந்தார்கள். விதைக் கடை வாசலில் பேச்சு நின்றது. வெண்டல் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொன்னார். கொஞ்ச தூரம் போனதும் வழக்கமான தாழ்ந்த குரலில் ஆரம்பித்தார்.

“திங்கக்கிழமை மாநிலம் பூரா இருக்கிற சாவு வீட்டுக்காரங்க கூட்டம். தலைநகர்ல, டெமாய்ன்ல. நான் எழுந்து எல்லாத்தையும் சொன்னேன்.”

நோரீன் அவர் பக்கம் திரும்பினாள். “என்னைப் பத்தியுமா?”

“தூவல் மிட்டாய் வரைக்கும். சிரிச்சாங்க. அப்புறம் நான் கேட்டேன், உங்க வீட்டுல வெள்ளிக்கிழமை யார் நடக்கிறாங்கன்னு. அந்தச் சிரிப்பு எங்க போச்சுன்னே தெரியல. பாதிப்பேர் வீட்டுல அப்பன்காரன்தான் பார்த்துக்கிட்டிருந்தான், இப்ப அவன் இல்ல. வெளில வந்தப்புறம் ஏழு பேர் உன் நம்பர் கேட்டாங்க.”

“என் நம்பரா? நான் கெடுத்தது தெரிஞ்சுமா?”

“சந்தோஷப்படாத. நீ கெட்டிக்காரின்னு கேக்கல. பயத்துல கேக்கறாங்க. எங்க பள்ளம்னு விழுந்தவளுக்குத் தெரியும். அதோட, பல் டாக்டர் காகிதத்துல கையெழுத்துப் போடாம நேரா என்கிட்ட வந்தியாமே. லைல் சொன்னார். அதையும் சொன்னேன்.” ரோட்டைக் கடக்க நின்றார். “எனக்கு உன்மேல கோபம் தீரல. படகை நெனச்சா இன்னும் வயிறெரியுது. ஆனா புது ஆளை வெச்சு அவ இந்தப் பாடத்தை என் காசுல படிக்கணுமா? ஒரு நிபந்தனை. சாவு வீட்டுக் கணக்கு எழுதினா சாவு வீட்டுக் கணக்கு மட்டும். ஐஸ்கிரீமை விட்டுடு.”

வங்கியில் கண்ணாடிக்குப் பின்னால் நரைத்த தலை ஒன்று நிமிர்ந்தது. தொப்பியைப் பார்த்ததும் அந்த அம்மாள் ஒரு கணம் வாயில் கைவைத்தாள். “பதினஞ்சு மாசமா பதினொரு மணிக்குக் கதவையே பார்த்துட்டிருந்தேன்” என்றாள். முத்திரையை எடுத்தாள். முப்பத்தொரு அட்டைகளிலும் ஒவ்வொன்றாகக் குத்தினாள். ஆர்லோ வவ்ரா, எண்ணூற்று இருபத்தைந்து. அந்த முத்திரை விழுந்தபோது நோரீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

*

ஐஸ்கிரீம் கடை பெவ் லேசில் விடவில்லை. “மொத மொதல்ல உன்னைக் கூப்பிட்டது நான். கோடை வந்து கடை தொறக்கிற நேரம் பார்த்துக் கழட்டி விடறே. பொணம் காசு நல்லா மணக்குதோ?” நோரீன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வார்த்தையும் நியாயம். பன்றிப் பண்ணைகள், சர்ச் என்று ஒவ்வொன்றாக விட்டாள். நம்பர் கேட்ட ஏழு பேரில் நான்கு சாவு வீடுகள்தான் உண்மையில் கூப்பிட்டன. ஆனாலும் பழைய பாக்கியோடு சேர்த்து ஜூன் மாதக் கடன் கட்ட அது போதும். முதல் வீட்டுக்கு வெறும் பக்கத்தைத் திறந்து, எதையும் நகலெடுக்காமல், முதல் தலைப்பை எழுதினாள்: ‘உயிரோடு இருப்பவர்களின் பணம்.’

மே மாதம் முதல் ஞாயிறு அப்பா கூப்பிட்டனுப்பினார். ஏப்ரலில் அவர் கூபிக்குக்குக் காசோலை எழுதவில்லை. அது அவளுக்குத் தெரியும். இப்போது எல்லாக் காசோலைகளையும் திறந்து பார்க்கிறாள்.

மேஜையில் கொலாச்சி இருந்தது. ஆர்லோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு காசோலைப் புத்தகத்தைத் திறந்தார்.

“பொணத்துக் கணக்கு மட்டும்தான் எழுதப் போறியாம். ஊர்ல சொல்றாங்க.”

“ஆமாம்பா.”

“நல்ல தொழில். யாரும் எழுந்து வந்து குறை சொல்ல மாட்டான்.”

“உயிரோட இருக்கிறவங்க கணக்குப்பா அது. அவங்க நேராவே வந்து கேப்பாங்க.”

“கேப்போம், கேப்போம்.” அவர் எழுதினார். தொகையைக் கோணலாக, நிதானமாக. குறிப்புக் கோட்டில் ‘பெட்டிக்கு, ரெண்டு மாசம்’. கிழித்து அவள் கையில் கொடுத்தார்.

“வெண்டல்கிட்ட குடுக்காத. வெள்ளிக்கிழமை நீயே நடந்து போய்க் கட்டு.”